இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயர் சொன்னால் யாரை நம்புவது?

கேள்வி: என் மகளுக்கு வயது 19. பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஐந்தாறு மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை. தோழிகளிடம் பேசுவதில்லை. பாதி நாள் கல்லூரிக்கே போவதில்லை. முதலில் பார்த்த டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். இன்னொருவரிடம் காட்டினோம், அவர் பதற்றக் கோளாறு என்றார், ஆனால் அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். செல்போனில் கேள்வித்தாள்களை நிரப்பிப் பார்த்துவிட்டு மகள் தனக்கு இருமுனையக் கோளாறு (மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) என்கிறாள். அமெரிக்காவில் மனநோய் இல்லாதவர்களை மனநோயாளிகள் என்று மருத்துவமனையில் சேர்த்துக்கொண்ட ஆராய்ச்சியைப் போன வாரம் வகுப்பில் நடத்தினார்களாம். உளவியல் ஆராய்ச்சிகளில் பாதிக்கு மேல் மறுபடி செய்தால் அதே முடிவு வருவதில்லை என்றும் சொன்னார்களாம். ‘எல்லாமே பொய்’ என்று மாத்திரையை நிறுத்திவிட்டாள். என் மாமியார் ‘கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்’ என்கிறார். என் தம்பி கல்லூரி நாள்களில் சில வாரங்கள் தூங்காமல், கடன் வாங்கிச் செலவழித்து, பெரிய பெரிய திட்டங்களாகப் பேசிக்கொண்டிருந்தான். பிறகு தானாகச் சரியாகிவிட்டான். அதை வெளியில் சொல்வதில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. நாங்கள் யாரை நம்புவது? இந்தப் படிப்பையே நிறுத்திவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொளத்தூர்

பதில்: மற்றதெல்லாம் பிறகு. முதலில் மாத்திரை விஷயம். அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் பொதுவாகத் தரப்படும் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு எல்லாம் சில நாள்கள் வரலாம். பார்ப்பவர்களுக்கு நோய் முற்றிவிட்டதுபோலத் தோன்றும். இன்றைக்கே மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தத் தேதியோடு நிறுத்தினாள் என்று சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் நீங்களாக மறுபடி கொடுக்கவும் வேண்டாம். அதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

25 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடங்கும்போதும் அளவு மாறும்போதும் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் சிலருக்குத் தலைதூக்கலாம். ஆகவே, ‘செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று அவளிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 104 எண்ணும் இருக்கிறது. அவசரம் என்றால் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

இனி உங்கள் மகள் வகுப்பில் கேட்ட ஆராய்ச்சி. இதை அவளும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் அவள் கேட்டது பாதிக் கதை. டேவிட் ரோசன்ஹான் என்ற உளவியல் பேராசிரியர் 1973-இல் ‘சயன்ஸ்’ இதழில் அந்தக் கட்டுரையை வெளியிட்டார். மனநோய் இல்லாத எட்டுப் பேர், அவரையும் சேர்த்து, 12 மருத்துவமனைகளுக்குப் போய், காதில் குரல் கேட்கிறது என்ற ஒரே அறிகுறியை மட்டும் பொய்யாகச் சொன்னார்கள் என்பது கட்டுரை. எல்லா இடத்திலும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். உள்ளே போனதும் இயல்பாக நடந்துகொண்டார்கள். அப்படியும் சராசரியாக 19 நாள்கள் உள்ளே இருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் மனச்சிதைவு நோய் என்ற முத்திரையோடுதான் வெளியே வந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவத்தை உலுக்கி எடுத்த கட்டுரை அது.

மீதிப் பாதி 2019-இல் வெளிவந்தது. சுசன்னா கஹலன் என்ற பத்திரிகையாளர் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்தார். அவரே மூளை அழற்சியால் பாதிக்கப்பட்டு, முதலில் மனநோய் என்று சந்தேகிக்கப்பட்டவர். ஆகவே ரோசன்ஹானைப் பாராட்டும் மனத்தோடுதான் தேடலைத் தொடங்கினார். ரோசன்ஹானின் சொந்த மருத்துவமனைக் குறிப்பில் அவர் கண்டது வேறு. குரல் கேட்கிறது என்பதோடு நிற்காமல், தற்கொலை எண்ணம் உட்படக் கடுமையான பல அறிகுறிகளை ரோசன்ஹான் டாக்டரிடம் சொல்லியிருந்தார். அப்படி வந்து சொல்பவரைச் சேர்த்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியிருந்தால்தான் அது குற்றம். நல்ல அனுபவத்தோடு வெளியே வந்த ஒருவரின் விவரம் கட்டுரையில் சேர்க்கப்படவே இல்லை.

இதை வைத்து அந்தக் காலத்து டாக்டர்கள் எல்லாம் சரியாகவே செய்தார்கள் என்று நான் வாதாட வரவில்லை. சேர்த்த பிறகு, நாள்கணக்கில் கூடவே இருந்தும் இவர்களுக்கு ஒன்றுமில்லை என்பதைக் கவனிக்காமல் விட்டது பெரிய தவறுதான். நான் சொல்ல வருவது, டாக்டருக்கு என்ன சொல்லப்படுகிறது, அவர் எவ்வளவு நாள் கவனிக்கிறார் என்ற இரண்டையும் பொறுத்துத்தான் எங்கள் துறையில் நோயின் பெயர் முடிவாகிறது. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருப்பதுபோல் மனச்சோர்வுக்கு இல்லை.

அதே காலத்தில் நியூயார்க்கிலும் லண்டனிலும் ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோய் என்று பெயர் பெற்றவர்கள் லண்டனைவிட மிக அதிகம். ஆய்வாளர்கள் இரு ஊர் நோயாளிகளையும் ஒரே அளவுகோலை வைத்துப் பரிசோதித்தபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தே போனது. நோயாளிகள் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். டாக்டர்களின் வரையறைதான் வேறாக இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகள் கொடுத்த நெருக்கடியில்தான் ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் 1980-இல், மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு வந்தது. எத்தனை அறிகுறிகள், எத்தனை நாள்கள் என்று வரையறுத்துச் சொல்லத் தொடங்கியது அதிலிருந்துதான். மகளைக் கோபப்படுத்திய அதே ஆராய்ச்சிகள்தான் இந்தத் துறையைத் திருத்தியவை. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தியதில் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு பெயர்கள். 2013-இல் வெளியான, அதே கையேட்டின் ஐந்தாம் பதிப்புக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். பெயர் ஒத்துப்போகிறதா என்று கணக்கிடுவார்கள். தற்செயலாக ஒத்துப்போகும் அளவுதான் என்றால் பூஜ்யம், முழு ஒற்றுமை என்றால் ஒன்று. பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறுக்கு 0.67 கிடைத்தது. மனச்சோர்வுக்கு 0.28தான். பொதுவான பதற்றக் கோளாறுக்கு 0.20. அதாவது உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு பெயர்களும்தான் டாக்டர்கள் அதிகம் வேறுபடும் இடம். காரணமும் எளிது. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. தூக்கமின்மை, களைப்பு, கவனம் சிதறுவது, எரிச்சல் எல்லாம் இரண்டுக்கும் பொது. முதல் டாக்டரிடம் மகள் அழுதிருப்பாள். இரண்டாமவரிடம் நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லியிருப்பாள். இருவரும் ஒரே மாத்திரையைச் சொன்னார்களே, அதைக் கவனியுங்கள். பெயரில் வேறுபட்டார்கள், சிகிச்சையில் வேறுபடவில்லை. இரண்டு டாக்டர்களையும் நீங்கள் சந்தேகிக்க இதில் ஒன்றும் இல்லை.

செல்போன் கேள்வித்தாள் அப்படி அல்ல. மனச்சோர்வுக்கு உலகமெங்கும் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளையே எடுத்துக்கொள்வோம். நல்ல கருவி; என் கிளினிக்கிலும் தருகிறேன். மொத்தம் 27 மதிப்பெண்ணுக்குப் பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று பொருள். 2001-இல் வெளியான அதன் முதல் ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களில் 88 விழுக்காட்டினரை அது சரியாகப் பிடித்தது. இல்லாதவர்களில் 88 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 2.7 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. ஆயிரம் பேர் இந்தத் தாளை நிரப்பினால் நோய் உள்ள 27 பேரில் 24 பேர் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 973 பேரில் 117 பேரும் பிடிபடுவார்கள். ஆக, ‘உனக்கு மனச்சோர்வு’ என்று திரை சொல்லும் 141 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் ஆறில் ஒருவர். இருமுனையக் கோளாறு இதைவிட அரிது. அங்கே வீண் பயம் இன்னும் அதிகம். உங்கள் மகளுக்குப் புள்ளியியல் பாடம் இருக்கும். இந்தக் கணக்கை அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபடி செய்தால் முடிவு மாறுகிறது என்ற செய்தி உண்மைதான். 2015-இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தேறின. ஆனால் அவை சமூக உளவியல், சிந்தனை முறை பற்றிய பரிசோதனைகள். மருந்து ஆய்வுகள் அல்ல. மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிய 522 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2018-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலானவை என்று தெரிந்தது. மலையளவு வித்தியாசம் இல்லை, மிதமான வித்தியாசம். ஆனால் உண்மையான வித்தியாசம்.

இப்போது உங்கள் தம்பி. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டு வரிகள்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

தூக்கம் இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. கையில் இல்லாத பணத்தைச் செலவழிப்பது. நிற்காத பேச்சு, பெரிய திட்டங்கள். இது வாரக்கணக்கில் நீடித்துப் பிறகு அடங்குவது. தம்பியை நான் பார்த்ததில்லை, ஆகவே அவருக்கு ஒரு பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் இந்த விவரத்தைக் கேட்கும் எந்த மனநல மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது மனஎழுச்சி நிலை, அதாவது இருமுனையக் கோளாறின் மறுமுனை. நம் வீடுகளில் சடங்கு, சீர் எல்லாவற்றுக்கும் தாய்மாமன்தான் முதல் ஆள். மரபணுக் கணக்கில் அவருக்கும் மகளுக்கும் பொதுவாக இருப்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருப்பதைப் போன்ற ஆபத்து இல்லை. ஆனாலும் கணக்கில் எடுக்க வேண்டிய செய்தி.

காரணம் இதுதான். இருமுனையக் கோளாறு பலருக்கு முதலில் வெறும் மனச்சோர்வாகத்தான் தலைகாட்டும், அதுவும் பெரும்பாலும் இந்த வயதில். அடியில் அது இருக்கும்போது மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனஎழுச்சி கிளம்பிவிடும். டாக்டரைக் கேட்காமல் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். இதைப் படித்துவிட்டு மகள் சொன்னதே சரி என்று பதறவும் வேண்டாம். காலையில் அழுதாள், மாலையில் சிரித்தாள் என்பது இருமுனையம் அல்ல. குறைந்தது நான்கு நாள்களாவது தொடர்ச்சியாக, தூக்கம் வெகுவாகக் குறைந்தும் சோர்வே தெரியாமல், வழக்கத்துக்கு மாறான உற்சாகத்திலோ எரிச்சலிலோ இருந்தாளா என்பதுதான் கேள்வி. முழுவீச்சு மனஎழுச்சிக்கு ஒரு வாரம். இதற்கான பதில் அவளைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். அந்த நிலையில் இருப்பவர்களுக்குத் தான் மாறியிருப்பதே பல நேரம் தெரியாது.

ஆகவே அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், சாப்பிட்டாளா, கல்லூரிக்குப் போனாளா என்ற நான்கு விஷயம் போதும். ‘சோகமாக இருந்தாள்’ என்று எழுதாதீர்கள். ‘இரவு மூன்று மணிக்கு விளக்கு எரிந்தது, மதியம் ஒரு மணிக்குத்தான் எழுந்தாள், இரண்டு இட்லியில் ஒன்றை வைத்துவிட்டாள்’ என்று எழுதுங்கள். அரைப் பக்கம் இப்படி எழுதியது என் மேசைக்கு வந்தால், செல்போனில் எழுதிய பத்துத் தேர்வுகளைவிட எனக்கு அதிகம் தெரியும். எழுதுவது அவளுக்கும் தெரிந்தே இருக்கட்டும். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 அளவு பார்த்தீர்களா? இல்லை என்றால் டாக்டரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் ரத்தம் குறைந்தாலும் மனச்சோர்வு போலவே தெரியும்.

தம்பி விஷயத்தைச் சொல்வதற்கு முன் தம்பியிடமும் மகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. ஆனால் அவர் சம்மதிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பெயர் சொல்லாமல் ‘தாய்மாமனுக்கு இப்படி இருந்தது’ என்றால் போதும். நீங்கள் சொன்னது டாக்டரின் அறையைத் தாண்டாது. அதே விதிதான் மகளுக்கும். அவளுக்கு 19 வயது; 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவள் பேசியது ரகசியம், தன் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பார்க்கும் உரிமையும் அவளுக்கு உண்டு. டாக்டர் உங்களை வெளியே உட்காரச் சொன்னால் வருத்தப்படாதீர்கள். எதை வைத்து இந்தப் பெயர் வைத்தீர்கள், எது நடந்தால் பெயரை மாற்றுவீர்கள் என்று மகளே டாக்டரிடம் கேட்கட்டும். நல்ல டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

மாமியாரிடம் மட்டும் நீங்கள் கண்டிப்பாகப் பேசத்தான் வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது. அங்கே புறநோயாளிப் பிரிவில் தினமும் நம்மைப் போன்ற குடும்பங்கள் வந்து, மருந்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பிப் போகின்றன. அதன் பெயரை வசவாகக் கேட்டு வளர்ந்த பெண், உதவி தேவைப்படும்போது எப்படி வாய் திறப்பாள்? உங்கள் தம்பியைப் பற்றி இத்தனை ஆண்டுகள் யாரும் பேசாமல் இருந்ததற்கும் இந்த வசவுதானே காரணம்?

படிப்பை நிறுத்த வேண்டாம். பாடத்தில் படிக்கும் நோயெல்லாம் தனக்கு இருப்பதாகத் தோன்றுவது எங்கள் மருத்துவக் கல்லூரியிலும் வாடிக்கை. அது பெரும்பாலும் அடுத்த பாடம் வந்ததும் போய்விடும். அவளுடைய ஐந்தாறு மாதத் தூக்கமின்மை அப்படிப் போகக்கூடியது அல்ல, அதற்குச் சிகிச்சை வேண்டும். வருகைப் பதிவு குறைந்திருந்தால் மருத்துவச் சான்றிதழ் கேட்டு வாங்கிக் கல்லூரியில் இப்போதே கொடுத்துவிடுங்கள். தேர்வுக்கு அனுமதி மறுத்த பிறகு ஓடுவது அவளுக்குத்தான் கூடுதல் பாரம். செலவு ஒரு தடை என்றால் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. எங்கே காட்டினாலும் இனி ஒரே டாக்டரிடம் சில மாதங்கள் தொடர்ந்து காட்டுங்கள். மூன்றாவது டாக்டரிடம் போனால் மூன்றாவது பெயர் கிடைக்கலாம். உங்கள் மகளைத் தொடர்ந்து பார்த்தவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார்.