உறைஞ்ச செல்லை மைக்ரோஸ்கோப்ல பார்க்க தனியா கூலிங் ஸ்டேஜ் எதுக்கு, ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா பத்தாதா?

காணாது. கூலிங் ஸ்டேஜ்ங்கறது ஸ்லைடை வைக்கற மைக்ரோஸ்கோப் மேடையிலேயே குளிர வைக்கற கருவி. ஃப்ரீசர்ல இருந்து எடுத்துட்டு வந்து பார்த்தா எல்லாம் நடந்து முடிஞ்ச பிறகு உள்ளதைத்தான் பார்ப்பீங்க, அதுவும் ஸ்லைடை வைக்கறதுக்குள்ள பாதி உருகிரும்.

எனக்கு ஊர் குளச்சல். நெய்மீனை வீட்டு ஃப்ரீசர்ல ஒரு வாரம் போட்டு எடுத்தா தண்ணியா வடியும், சதை தொளதொளன்னு ஆயிரும், அம்மா தொட்ட உடனே சொல்லிருவாங்க. மெதுவா உறையும்போது ஐஸ் பெருசு பெருசா வளர்ந்து சதையைக் கிழிச்சிருது. அப்போ வேகமா உறைய வச்சா சரியாயிருமான்னா, உயிருள்ள செல்லுக்கு அதுவும் ஆகாது. ரொம்ப மெதுவா போனா வெளிய மட்டும் ஐஸ் கட்டி, உள்ள இருக்க தண்ணி வெளியேறி, செல் உப்புல வாடிச் சாகும், ரொம்ப வேகமா போனா தண்ணி வெளிய போக நேரமே இல்லாம உள்ளேயே ஐஸ் ஆயிரும். 1972ல செல்லை உறைய வைக்கறதை ஆராய்ஞ்ச விஞ்ஞானி பீட்டர் மேஸூர் கூட்டாளிகளோட சேர்ந்து சொன்னது இதுதான். பல செல்லுக்கு நிமிஷத்துக்கு 1 டிகிரி ஒத்து வரும், ரத்தச் சிவப்பணுவுக்கோ அதைவிடப் பல மடங்கு வேகம் வேணும்.

அதனால எவ்வளவு குளிருங்கறதை விட எந்த வேகத்துல குளிருதுங்கறதுதான் முக்கியம், ஸ்டேஜ் செய்யற வேலையே அதுதான். -196 டிகிரி லிக்விட் நைட்ரஜன் ஒரு பக்கம் குளிர வைக்கும், ஹீட்டர் ஒரு பக்கம் சூடாக்கும், சென்சாரைப் பார்த்து கண்ட்ரோலர் ரெண்டையும் சரிக்கட்டி, கேட்ட வேகத்துல கொண்டு போகும்.

பல்லாரி (பெரிய வெங்காயம்) தொலியை ஸ்டேஜ்ல வச்சுப் பாருங்க. ஓரத்துல குளிர்ந்த ஊசியைத் தொட்டு ஐஸை ஆரம்பிச்சு விட்டுட்டு (இல்லன்னா பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் தண்ணி தண்ணியாவே கிடக்கும்) மெதுவா இறக்கினா செல் சுருங்கிட்டே போகும், வேகமா இறக்கினா ஒவ்வொரு செல்லா பட்டு பட்டுன்னு கறுக்கும், உள்ள ஐஸ் விழுந்து வெளிச்சத்தை சிதறடிக்கறதால அப்படி. முதல் தடவை பார்த்தப்போ மூச்சு விடாம உக்காந்திருந்தேன்.

நம்ம ஊர் ஈரக்காத்துல ஒண்ணு மறந்துராதீங்க. ஜூன், ஜூலை மழை நேரத்துல ஒரு நாள் ஸ்டேஜோட ஜன்னல் கண்ணாடி பூரா வேர்த்து மொத்த சாம்பிளும் வீணாப் போச்சு. குளிர வைக்கறதுக்கு முந்தியே காய்ஞ்ச நைட்ரஜன் கேஸை உள்ள ஓட விடுங்க, பிறகு சுத்தமான தண்ணியை உறைய வச்சு, அது உருகும்போது மீட்டர் 0 காட்டுதான்னு பார்த்துட்டு சாம்பிளை வைங்க.