இருபத்தைந்தாம் வசனம்

அண்ணாச்சி,
கற்பனைதான் கடவுள், வேதாகமம் நம் மனசுக்குள் நடக்கும் நாடகம் என்று எழுத்தாளர் நெவில் கோடார்ட் சொன்னதை ஆறு மாதமாகக் கடைப்பிடிக்கிறேன். ராத்திரி மாற்கு 11:24-ஐச் சொல்லிவிட்டு, பாளையங்கோட்டையில் எனக்கு வீடு அமைந்துவிட்டதாக நினைத்தபடியே தூங்குகிறேன். (அப்பா வீட்டை அண்ணன் எழுதி வாங்கிக்கொண்டான், பேச்சுவார்த்தை கிடையாது.) வேதத்தை இப்படி வாசிப்பது பாவமா?
வாசகர், வள்ளியூர்

தம்பி,

பாவமா இல்லையா என்பதை உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்தான்) கேளுங்கள், அது என் வேலை இல்லை. நெவில் 1905-ல் பார்படோஸ் தீவில் பிறந்து, நாடகம் படிக்க நியூயார்க் போனவர். அவருக்கு வேதம் நாடகமாகத் தெரிந்ததில் அதிசயம் என்ன? ஆனால் ஒரு விஷயத்தில் ஆள் கெட்டி. நீங்கள் சொல்லும் அந்த மாற்கு வசனத்தில் நம் பழைய தமிழ் வேதாகமம், ஜெபத்தில் கேட்பதைப் "பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள்" என்கிறது. கிரேக்கத்தின் பழைய பிரதிகளில் அது பெற்றாயிற்று என்கிற இறந்தகாலம்தான். சரி, அதை அவருக்குக் கொடுத்துவிடுவோம்.

எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். இருபத்துநாலோடு ஏன் புத்தகத்தை மூடுகிறீர்கள்? அடுத்த வசனம் என்ன? ஜெபத்துக்கு நிற்கும்போது யார் பேரிலாவது குறை இருந்தால் முதலில் மன்னியுங்கள் என்கிறது. நீங்களோ அண்ணனை அடைப்புக்குறிக்குள் பூட்டிவிட்டு வீட்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்!

எங்கள் ஆச்சிக்குக் கற்பனை எல்லாம் தெரியாது. எல்லையில் நின்ற ஏழு பனைக்காகத் தாத்தாவின் தம்பியோடு சண்டை, அதுவும் அந்தப் பனைகள் பாளை விட்டதே எங்களுக்குத்தான் என்று கோவில் வாசலிலேயே கத்துகிற அளவுக்கு. அதற்கப்புறம் திருவிருந்து ஞாயிறுகளில் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து முன்னால் போவார்கள், ஆச்சி மட்டும் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வயிறு வலிக்குதா ஆச்சி என்று கேட்டு நான் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறேன். ரெண்டு வருஷம் இப்படி. மூன்றாம் வருஷம் அசனத்துக்கு, அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடும் கோவில் விருந்துக்கு, முந்தின சாயங்காலம் ஓலைப்பெட்டியில் கருப்பட்டியை வைத்து என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அங்கே யாரும் பேசவில்லை. "மைனி, காப்பி குடிக்கீகளா" என்றார் அவர், அவ்வளவுதான். மறுநாள் அசனச் சோற்றை ஒரே பந்தியில் உட்கார்ந்து தின்றார்கள்.

ஏழு பனையும் கடைசிவரை அவர் பக்கமே நின்றன.

உங்கள் அண்ணன் இருப்பதும் வள்ளியூரில்தானா? கடிதத்தில் அதை எழுதவில்லையே.