சிக்னலில் அணைந்துபோகும் பழைய பத்மினிக்குப் புதிய கார்புரேட்டர் தேவையா?

உங்கள் வண்டி 1980-களின் பிரீமியர் பத்மினி. சிக்னலில் நின்றால் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெல்ல ஓடுவது) தடுமாறி அணைந்துபோகிறது, மதிய வெயிலில் சிறிது நேரம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, பெட்ரோல் வாடையும் வருகிறது என்கிறீர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரை மாற்றி, மாருதி 800-இன் கார்புரேட்டரையோ வெபர் நிறுவனத்தின் பெரிய கார்புரேட்டரையோ மாட்டிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதே வண்டியைச் சென்னையில் அன்றாடம் ஓட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம்.

முதலில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள பாயிண்ட் (மின்தொடர்பு முனை) தேய்ந்து குழி விழுந்திருந்தாலும், கண்டன்சர் பலவீனமாக இருந்தாலும், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) தள்ளிப்போயிருந்தாலும் வண்டி காட்டும் அறிகுறிகள் கார்புரேட்டர் கோளாற்றைப் போலவே இருக்கும். பாயிண்ட் இடைவெளி, பிளக், டைமிங், டேப்பட் (வால்வு இடைவெளி) ஆகிய நான்கையும் சரிசெய்த பிறகுதான் கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்று செய்த டியூனிங்கை நாளை மீண்டும் செய்ய நேரிடும்.

அதன் பின், எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில், கார்புரேட்டரின் அடிப்பகுதியில் இருக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகுங்கள். பத்மினியில் இருக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டர் ஆரோக்கியமாக இருந்தால், ஸ்க்ரூ உள்ளே போகப் போக எஞ்சின் திணறி, முழுவதும் மூடியதும் அணைந்துவிடும். எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கிறது, அல்லது மேனிஃபோல்டு (கலவையை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் குழாய்) கேஸ்கட் வழியாகவோ, ஆக்சிலரேட்டருக்கேற்பத் திரும்பும் த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து அதன் வழியாகவோ காற்று புகுகிறது, அல்லது பெட்ரோல் வேறு வழியில் வழிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஷாஃப்டின் முனையை இரு விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் தேய்மானம் கைக்கே தெரிந்துவிடும். அந்த ஆட்டம் கண்டிருந்தால், கடையில் விற்கும் ரிப்பேர் கிட் எதுவும் உதவாது. லேத் பட்டறையில் கொடுத்துப் புதிய புஷ் அடிப்பதுதான் வழி. ஜெட் அடைப்பை நீக்க ஊசியோ இரும்புக் கம்பியோ விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கிளீனர் திரவமும் காற்றழுத்தமும் போதும்.

பெட்ரோல் வாடைக்கான சோதனை இன்னும் எளிது. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது கார்புரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டினால், பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது அந்த வால்வை மூடும் மிதவையான ஃப்ளோட் ஓட்டையாகிக் கனத்துவிட்டது. ஓடும்போது சொட்டாமல், சூடான எஞ்சினை நிறுத்திய சில நிமிடங்களில் சொட்டத் தொடங்கினால் நீடிலைக் குறை சொல்ல முடியாது. கீழிருந்து ஏறும் வெப்பத்தில் பெட்ரோல் கொதித்து வழிகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு வண்டியை நிறுத்தினால் நேர்வது பெரும்பாலும் இதுதான். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே வெப்பத்தைத் தடுக்கும் பேக்லைட் தகடு இருக்க வேண்டும். முன்பு வேலை பார்த்த யாராவது அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். அத்தகைய வேளையில் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடாமல், ஒரே மிதியாக முழுவதும் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள்.

இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2023 முதல் படிப்படியாகப் பரவிய அந்த எரிபொருளுக்காக நம் வண்டிகள் வடிவமைக்கப்படவில்லை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிகிறது, அது ஈரத்தையும் ஈர்க்கிறது. கடலோர ஊரில் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் ஃப்ளோட் அறையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வியப்படைய வேண்டாம். ஏசி பம்பின் (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்) டயாஃப்ரத்தையும் பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது தீ அபாயத்தைத் தவிர்ப்பதற்காகவே முதன்மையானது. பிளக் முனை வெளுத்துப்போய், வண்டி இழுவையில் திணறினால் மெயின் ஜெட்டில் (ஓட்டத்தின்போது பெட்ரோலை அளந்து விடும் துளை) ஒரு படி மேலே போகலாம். ஜெட்டில் பொறித்திருக்கும் 120 என்ற எண் 1.20 மி.மீ. விட்டத்தைக் குறிக்கிறது, 125 போட்டால் துளையின் பரப்பு சுமார் 8 விழுக்காடு கூடும். அதற்கு மேல் போவது வீண்.

இவ்வளவு பார்த்த பிறகும் கார்புரேட்டரின் பாடி தேறாது என்றால், அதே அளவுள்ள சோலெக்ஸைத்தான் தேடுங்கள். 1,089 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றும்போதுகூட, சிலிண்டர் எண்பது விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால், இழுப்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,100 லிட்டர் காற்றுதான். நகரில் நாம் ஓட்டும் வேகத்தில் அதில் பாதிகூடத் தேவைப்படாது. பெரிய வெபரின் அகன்ற வாயில் காற்று மந்தமாக நகர்வதால் பெட்ரோல் பூத்துளிகளாகச் சிதறாமல் சொட்டாக இறங்கும்; கத்திப்பாராவில் இரண்டாவது கியரில் நகரும்போது பிக்கப் குறைந்து, மைலேஜும் விழும். மாருதி 800-இன் கார்புரேட்டரை இடைத்தகடு வைத்துப் பொருத்த முடியும் என்றாலும், அதன் ஜெட்டுகள் மூன்று சிலிண்டர் 796 சிசி எஞ்சினுக்குக் கணக்கிடப்பட்டவை. அதை ஒழுங்குபடுத்தும் பொறுமை உள்ள மெக்கானிக்குக்கு உங்கள் பழைய சோலெக்ஸைச் சீராக்கவும் பொறுமை இருக்கும்.

புதியதைப் போலத் தெரியும் நகல்களை ஜி.பி. சாலைக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால், தேய்மானமில்லாத பழைய அசல் பாடி புதுப்பேட்டையில் கிடைத்தால் என் தேர்வு அதுதான். வாங்குமுன் த்ராட்டில் ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள், அடித்தட்டின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் உங்களுடையதைக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். அதிலிருக்கும் ஜெட்டுகள் உங்கள் எஞ்சினுக்கு ஏற்கெனவே பொருந்தி ஓடியவை, அவற்றைக் கழற்றிப் புதிய பாடியில் மாட்டிக்கொள்ளலாம்.