கோள்மூட்டி: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகனுக்கு ஏழு வயது. “அக்கா படிக்காம போன் பார்க்கிறா” என்று ஓடிவந்து சொல்வான். மகள் அவனைக் ‘கோள்மூட்டி’ என்று கூப்பிடுகிறாள். “அப்படின்னா என்னம்மா?” என்று கேட்டான். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போட்டுக்கொடுப்பதும் கோள்மூட்டுவதும் ஒன்றுதானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்றல்ல. அடுப்பு மூட்டுகிறோமே, அந்த மூட்டுதல்தான் இதிலும் இருக்கிறது. ‘பத்தவச்சிட்டான்’, ‘வத்தி வச்சிட்டான்’ என்று பேச்சில் சொல்லும்போதும் நெருப்புதான் வருகிறது. ‘கோட்செவிக் குறளை காற்றுடன் நெருப்பு’ என்கிறது ஔவையாரின் கொன்றைவேந்தன். குறளை என்பது கோளுக்குப் பழைய பெயர். திருக்குறளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோட்செவி, கோளுக்கு இடம்கொடுக்கும் காது. அந்தக் காதில் விழுந்த கோள், காற்று சேர்ந்த நெருப்பு மாதிரி பரவும். சொன்னவரை மட்டும் பிடிக்காமல் கேட்டவரையும் சேர்த்துப் பிடித்தாரே, எனக்கு இந்த வரியில் மிகவும் பிடித்தது அதுதான்.

கோள் மூட்டுகிறவருக்கு இரண்டு பேரைப் பிரிக்கும் எண்ணம் இருக்கும். இல்லாததையும் சேர்த்துச் சொல்வார். போட்டுக்கொடுப்பதில் பெரும்பாலும் நடந்ததுதான் வரும், ஆள் மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான். உங்கள் மகன் செய்வது இது. தனக்குச் சொன்ன விதி அக்காவுக்கும் உண்டுதானே என்று பார்க்கிறான். ‘கோள்மூட்டி’ அவனுக்கு ரொம்பப் பெரிய சொல். தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

எனக்கும் சின்ன வயதில் அந்தப் பெயர் இருந்தது. வகுப்பில் ஒரு பையனைப் பெரிய பையன்கள் தினமும் அடித்தார்கள். எனக்குத் தெரியும். மறுபடியும் கோள்மூட்டி என்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை. அவன் பாதி வருடத்தில் பள்ளியை விட்டே போய்விட்டான். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அடுத்தமுறை அவன் ஓடிவந்தால், “இதனால் யாருக்காவது அடிபடுமா? யாராவது அழுகிறார்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால், “சரி, நீ போய் விளையாடு” என்று அனுப்பிவிடுங்கள். அவன் சொன்னதை வைத்து உடனே அக்காவைத் திட்டப் போகாதீர்கள். ஆமாம் என்றால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள்.