பானை ஓடுகளை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம்

கீழடி, வைகைக் கரை பற்றி வந்த கேள்விகள் குவிந்துவிட்டதால் இந்த வாரம் முழுக்கத் தொல்லியல்தான்.

எங்கள் பள்ளியில் ஊர் மக்களுக்காக ஒருநாள் தொல்லியல் நாள் நடத்தப்போகிறோம். வைகைக் கரையின் பழமைதான் பொருள். தங்கம், சிலை என்று எதுவும் இல்லாமல் வெறும் பானை ஓடுகளை வைத்தால் ஜனங்கள் நின்று பார்ப்பார்களா?
– ஓர் ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

நிற்பார்கள் டீச்சர், ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டால் நிற்க மாட்டார்கள். பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறையிடமோ தொல்லியல் அலுவலரிடமோ, பயிற்சிக்கு வைத்திருக்கும் ஓடுகள் இருந்தால் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள், அவர்கள் ஆள் ஒருவரையும் கூடவே அழையுங்கள், வருகிறவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கவிடுங்கள். கருப்பு சிவப்பு ஓடு ஒன்றைத் திருப்பிக் காட்டினாலே போதும்: உள்பக்கமும் வாய்ப்பகுதியும் மினுமினுவென்று கருப்பு, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. இதற்கு இரண்டு சாயம் பூசவில்லை. பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள், உள்ளே காற்று போகாமல் கரியேறிக் கருத்தது, வெளியே காற்றுபட்ட இடம் சிவந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இதைச் சொல்லிவிட்டு ஓட்டை அந்த ஊர்க் குயவர் ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் உங்களுக்குப் பேச வேலையே இருக்காது, அவரே மீதியைச் சொல்லிவிடுவார்.

அடுத்தது கீறல். கீழடி ஓடுகளில் குறியீடுகளும் உண்டு, பழந்தமிழை எழுதப் பயன்பட்ட தமிழ் பிராமி எழுத்தில் ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்களும் உண்டு. அன்றாடம் புழங்கும் பானையில் யாரோ ஒருவர் பெயரைக் கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார் என்றால் எழுத்து அரண்மனையோடு நின்றுவிடவில்லை என்றுதானே அர்த்தம். எனக்கு இதைவிடப் பெரிய பொக்கிஷம் தோன்றவில்லை. பெரிய எழுத்தில் அச்சடித்து மாட்டுங்கள், பிள்ளைகள் தங்கள் பெயரையும் அந்த எழுத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து எந்த வயலுக்கு என்ன பெயர், எங்கே மேடு, எங்கே உழும்போது ஓடு வரும் என்று கேட்டு, வரைபடத்தில் குறியுங்கள். கீழடியில் தோண்டிய மேட்டைப் பள்ளிச்சந்தைத் திடல் என்றுதான் ஊரார் சொல்லிவந்தார்கள். 1970களிலேயே அங்கே பணியாற்றிய ஒரு பள்ளி ஆசிரியர் மண்ணிலிருந்து வந்த பொருட்களைக் கவனித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்திருக்கிறார். முறையான அகழாய்வு தொடங்கியது 2014-15இல். உங்கள் வரைபடமும் ஒருநாள் யாருக்காவது உதவும், கட்டாயம் ஒரு பிரதி எடுத்துப் பள்ளியிலேயே வையுங்கள்.

கீழடி 2,600 ஆண்டு பழமை என்கிறார்கள். பானையைப் பார்த்து வயது சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பானையின் வகையைப் பார்த்து உத்தேசமாகச் சொல்லலாம், ஆனால் அந்த எண் கரித்துண்டைக் கார்பன் முறையில் சோதித்ததிலிருந்து வந்தது. கீழடியில் எடுத்த ஆறு மாதிரிகளை அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள், அதில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்குக் கி.மு. 580 என்று முடிவு வந்தது. தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொன்னது. இங்கே கவனிக்க வேண்டியது, கரிக்குத்தான் வயது கிடைத்தது, அதே மண்ணடுக்கில் அதனோடு கிடந்த ஓட்டுக்கு அந்த வயதைப் பொருத்திப் பார்க்கிறோம். அடுக்கு கலைந்திருந்தால் இந்தக் கணக்கே நிற்காது. ஆகவேதான் ஆய்வாளர்கள் ஒவ்வொரு பொருளும் கிடைத்த ஆழத்தை அளந்து எழுதிவிட்டுத்தான் அதைக் கையில் எடுக்கிறார்கள். மேலாகக் கிடந்தது என்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைக்கும் ஓடு, அழகான ஓடு, அவ்வளவுதான். எங்கே, எதோடு கிடந்தது என்ற செய்தி போய்விட்டது, அதைத் திரும்ப வாங்கவே முடியாது.

தமிழ்நாட்டிலேயே பழமையான இடம் கீழடிதானா?
– ஒரு வாசகர், திருச்சி

இல்லை. 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார், அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுகள் வரை போகின்றன. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் (இறந்தவர்களைப் புதைத்த பெரிய மண்பானை) இருந்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்று காலம் கிடைத்தது. தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன, அதில் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலைச் சொல்கிறது. கீழடியின் சிறப்பு வேறு: உறைகிணறு (சுடுமண் வளையங்களை அடுக்கிய கிணறு), செங்கல் கட்டுமானம், நூல் நூற்கும் தக்களி, தாயக்கட்டை, சூதுபவள மணி என்று மனிதர்கள் குடியிருந்த ஓர் ஊரே நமக்குக் கிடைத்திருக்கிறது. பக்கத்திலேயே கொந்தகையில் அவர்களைப் புதைத்த தாழிகள். வாழ்ந்த இடத்தையும் புதைத்த இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். 2023 மார்ச்சிலிருந்து கீழடியில் அருங்காட்சியகமும் இருக்கிறது.

தொல்லியல் நாளில் பிள்ளைகளைக் கொஞ்சம் தோண்ட விடலாமா?
– பெற்றோர் ஒருவர், மானாமதுரை

மணல் கொட்டி நீங்களே உடைந்த சட்டிகளைப் புதைத்து வைத்த தொட்டியில் தாராளமாக. நூல் கட்டிக் கட்டம் பிரித்து, தூரிகையும் அளவு நாடாவும் கொடுத்து, கிடைத்ததை எடுக்கும் முன் தாளில் வரையச் சொல்லுங்கள். நிஜ மேட்டில் ஒரு கைப்பிடி மண் கூட வேண்டாம்.

வயலில் கிணறு வெட்டும்போது பெரிய தாழி வாய் தெரிகிறது. சொன்னால் நிலம் போய்விடும் என்று எங்கள் வீட்டில் பயப்படுகிறார்கள். மூடிவிடலாமா?
– விவசாயி, திருப்புவனம் வட்டம்

அண்ணே, முதலில் கடப்பாரையை நிறுத்துங்கள், தாழிக்குள் கை விடாதீர்கள், உள்ளே எலும்பும் சிறு கலயங்களும் இருக்கலாம், எலும்பு காற்றுபட்டால் சீக்கிரம் உதிர்ந்துவிடும். பக்கத்தில் ஒரு குச்சியை வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், ஈரத்துணி, பிளாஸ்டிக் எதுவும் போடாமல் மேலே தளர்வாக ஓலை மட்டும் போட்டு மூடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், கலெக்டர் ஆபீசுக்கும் ஒரு நகல் போகட்டும். மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது, மறைப்பதுதான் சிக்கல். நிலம் பற்றி: கீழடியில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே, நிலத்துக்காரர்கள் ஒப்புதலோடுதான் குழி போட்டார்கள், பதிவு முடிந்தபின் பல குழிகளை மண் போட்டு மூடிவிட்டார்கள். ஒரு தாழி வந்த உடனே நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பது இல்லை. கிணற்றைப் பத்தடி தள்ளி வெட்ட முடியுமா என்பதை மட்டும், ஆய்வாளர்கள் வந்து பார்த்தபிறகு அவர்களிடமே கேட்டு முடிவெடுங்கள், பக்கத்தில் இன்னும் தாழிகள் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.