சின்னக் குழந்தைக்கு ஏன் கூடுதல் மருந்து?

கேள்வி: ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கும் என் தம்பியின் குழந்தைக்குக் கடுமையான மலேரியா வந்து, ஊசி போட்டுப் பிழைத்தது. அந்த ஊசியின் அளவைக் கணினியில் கணக்குப் போட்டுக் கூட்டினார்களாம். ஆளைப் பார்க்காத கணினிக்கு என்ன தெரியும், டாக்டர்?
– வாசகி, குளச்சல்

பதில்: குழந்தை தேறியதே பெரிய ஆறுதல், அம்மா.

மருந்து ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க, நினைவு தப்பிக் கிடக்கும் குழந்தையிடம் மணிக்கொரு தடவை ரத்தம் எடுக்க முடியாது. எனக்கு மனசும் வராது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு குழந்தையிடமும் சில தடவை மட்டும் எடுத்து, எல்லோருடைய ரத்தத்திலும் இருந்த மருந்தின் அளவுகளைக் கணினியில் ஒரே கணித மாதிரியில் சேர்த்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு ஒரே அளவு ஆர்ட்டிசுனேட் (கடுமையான மலேரியாவுக்குப் போடும் ஊசி மருந்து) கொடுத்தாலும், சின்னக் குழந்தைகளின் ரத்தத்தில் மருந்து குறைவாகவே நிற்கிறது என்று அதில்தான் தெரிந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம், 20 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு கிலோவுக்கு 2.4 மில்லிகிராமை 3 ஆக்கியது.

12 கிலோ குழந்தைக்கு 28.8 மில்லிகிராம் 36 ஆகிறது. குப்பியிலுள்ள வெள்ளைப் பொடியை சோடியம் பைகார்பனேட்டில் கரைத்து, தெளிந்ததும் சலைன் சேர்த்து ஊசியில் ஏற்றினால், வித்தியாசம் முக்கால் மில்லிலிட்டர்கூட வராது. அந்தத் துளிக்குத்தான் இத்தனை கணக்கு. எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு.

அப்புறம் ஒன்று: இந்த ஊசிக்குப் பின் நாலு வாரம் வரை ரத்த அணுக்கள் சிதைந்து ரத்தசோகை வரலாம். ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்குள் ஊருக்கு வந்துவிட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். எங்கிருந்து வந்தார்கள், என்ன ஊசி போட்டார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.