நிலம் கிடைத்தது, கடன் கிடைக்கவில்லை

கேள்வி: ஜிம்பாப்வேயில் வெள்ளையர் பண்ணைகளைப் பிரித்துக் கொடுத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. நிலம் வாங்கிய விவசாயிகள் இன்னும் கடனுக்கு அல்லாடுகிறார்களாமே, நிலம் இருந்தும் வங்கி ஏன் தருவதில்லை ஐயா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: நிலம் இருக்கிறதம்மா, பத்திரம்தான் இல்லை. 2000-க்கு அப்புறம் பிரித்துக் கொடுத்த நிலமெல்லாம் 2024 கடைசி வரை அரசுக்கே சொந்தமாக இருந்தது. ஏ1 என்ற பிரிவில் வரும் சிறு விவசாயிக்கு அனுமதிச் சீட்டு, ஏ2 என்ற பிரிவில் வரும் பெரிய பண்ணைக்காரருக்கு 99 வருடக் குத்தகை, அவ்வளவுதான். கடன் திரும்பாவிட்டால் நிலத்தை விற்றுப் பணம் எடுக்க வழியில்லையே என்று குத்தகைப் பத்திரத்தையே வங்கிகள் அடமானமாக ஏற்கத் தயங்கின, அப்படியிருக்க அனுமதிச் சீட்டை யார் மதிப்பார்கள்?

அந்த இடத்தில்தான் புகையிலை கம்பெனிகள் நுழைந்தன. விதை, உரம், மருந்து எல்லாவற்றையும் முன்னாடியே கொடுத்துவிடுவார்கள், இலையைப் பதப்படுத்திப் பொதி கட்டி அவர்களிடமே போட வேண்டும், எடை போட்டு, தரம் பிரித்து, கொடுத்த சாமான் கணக்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் தருவார்கள். மழை பொய்த்த வருஷம் மிச்சம் என்று ஒன்றும் இருக்காது, பாக்கிதான் அடுத்த விதைப்பு வரைக்கும் கூடவே வரும். நிலம் தன் கைக்கு வந்த பிறகும் என்ன பயிர் வைப்பது என்பதைக் கடன் கொடுத்தவன் முடிவு செய்கிறான் என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

வங்கி மேல் ஜனங்களுக்கும் நம்பிக்கை இல்லை. 2008 பணவீக்கத்தில் போட்டு வைத்த சேமிப்பெல்லாம் கண்ணெதிரே காகிதமாகிப் போனது. அதனால் பெண்கள் 'முக்காண்டோ' போடுகிறார்கள்: மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வருகிறவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது, நம்ம ஊர்ச் சீட்டேதான். உர மூட்டை வாங்க அது போதும், கிணறு வெட்டப் போதாது.

2014 விதிகளில் ஏ1 நில அனுமதிச் சீட்டில் மனைவிக்கும் சம உரிமை வந்தது, அது பெரிய விஷயம். 2024 டிசம்பரில் அதிபர் மனங்காக்வா நிலப் பத்திரம் வழங்கும் திட்டத்தையும் தொடங்கி வைத்தார். வரவேற்கிறேன், ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. அதே 2024-இல் எல் நினோ வறட்சியால் நாட்டில் பேரிடர் நிலை அறிவித்தார்கள். அப்படி ஒரு வருஷத்தில் அடமானம் வைத்த பத்திரம் என்ன ஆகும்? விளையாத வருஷத்துத் தவணையைத் தள்ளிப்போடலாம் என்பதைக் கடன் பத்திரத்திலேயே எழுதித் தரட்டும், அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லலாம்.